பெண்ணுக்குச் சடங்கு, பையனுக்கு லேகியமா?

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் ஒரு பெண்பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் விஷயம் மறைவாக இருப்பதில்லை. டேவான் (மண்டபம்) எடுத்து, பேனர் அடித்து, தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு வந்து இறங்க, ஊரையே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு அனுப்புகிறோம். அந்தச் சடங்கு வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை இங்கே முகநூலில் அடிக்கடி நடக்கிறது. நான் அதற்குள் போகவில்லை. மேடைக்குக் கீழே நாற்காலி தூக்கிக்கொண்டு அலைகிறானே, அவளுடைய அண்ணனோ தம்பியோ, அவனைப் பற்றித்தான் என் கேள்வி. ஏறத்தாழ அதே வயதில்தான் அவனுக்கும் உடம்பு மாறுகிறது. அவனிடம் யார் பேசினார்கள்?

யாரும் பேசுவதில்லை. மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவன் என்பதால் எனக்கு இது நன்றாகவே தெரியும்.

கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வருவார்கள். முதலில் ஹேக்ஸ் மிட்டாய் ஒரு பாக்கெட் எடுப்பார்கள். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், "அங்கிள், சத்துக்கு ஏதும் மருந்து இருக்கா?" என்பார்கள். பதினாறு பதினேழு வயதில் என்ன சத்துக் குறைச்சல்? மெல்ல விசாரித்தால் வெளியே வரும். தூக்கத்தில் விந்து வெளியாகிறது, இல்லையென்றால் கைப்பழக்கம். ஒரு சொட்டு போனால் இத்தனை சொட்டு ரத்தம் போன மாதிரி என்று யூடியூபில் ஒருவர் சொல்லியிருப்பார். அப்படிச் சொல்பவரிடம் விற்பதற்கு ஒரு லேகியமும் கட்டாயம் இருக்கும். ஒரு பையன், பள்ளி லீவில் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கிச் சேர்த்த காசை அந்த லேகியத்துக்குக் கொடுத்துவிட்டு டப்பாவை என்னிடம் கொண்டுவந்தான். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். என்ன கலந்திருக்கிறது என்று ஒரு வரி இல்லை. இந்த நாட்டில் பதிவு செய்த மருந்தில் இருக்க வேண்டிய 'மால்' எண் இல்லை, ஹோலோகிராம் ஒட்டு இல்லை. சிங்கத்தின் படம் மட்டும் பெரிதாக இருந்தது.

இந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். விதைப்பையில் விந்தணு தினமும் கோடிக்கணக்கில் உற்பத்தியாகிறது. ஓர் அணு உருவாகி முடிய ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். வெளியேறாததை உடம்பே கரைத்து எடுத்துக்கொள்கிறது. ஒரு தடவை வெளிவரும் விந்து ஒரு தேக்கரண்டிக்குள்தான் இருக்கும், அதிலும் பெரும்பகுதி சுரப்பிகளிலிருந்து வரும் வெறும் திரவம். ரத்தத்துக்கும் அதற்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. தூக்கத்தில் வெளியாவது வளர்ச்சியின் பகுதி. சிலருக்கு அப்படி வராது, அதுவும் சரிதான். கைப்பழக்கத்தால் நரம்பு தளராது, கண் குழி விழாது, பிற்காலத்தில் பிள்ளை பிறக்காமல் போகாது. படிப்பையும் தூக்கத்தையும் கெடுக்கிற அளவுக்குப் போனால் பழக்கத்தைக் கட்டுப்படுத்த வேண்டும், அதற்கும் லேகியம் வேண்டாம். சோர்வாக இருக்கிறது என்பவனிடம் ராத்திரி எத்தனை மணி வரை கேம் விளையாடினாய், காலையில் பசியாறினாயா என்று கேட்டாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

லேகியத்தில் போவது காசு. கூச்சத்தில் அதைவிடப் பெரியது போய்விடும். விதைப்பைக்கு ரத்தம் கொண்டுபோகும் கொடி சில சமயம் முறுக்கிக்கொள்ளும். வளரும் பையன்களுக்குத்தான் இது அதிகம், பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்குள். திடீரென்று உயிர் போகிற வலி, வாந்தி, ஒரு பக்கம் மேலேறி வீங்கும். ஆறு மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்து முறுக்கை எடுத்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அதற்கு மேல் ஒவ்வொரு மணி நேரமும் வாய்ப்புக் குறையும், கடைசியில் விதையை எடுத்துவிட வேண்டியதுதான். நம் பையன் என்ன செய்கிறான்? எங்கே வலிக்கிறது என்று அம்மாவிடம் சொல்ல வெட்கப்பட்டு, அடிவயிறு வலிக்கிறது என்கிறான். அம்மா தைலம் தேய்த்து, "வாயுப் பிடிப்பா இருக்கும், படு" என்கிறாள். விடிந்தபின் எஸ்டேட் ரோட்டில் வண்டி பிடித்து டவுனுக்கு வந்து, அங்கிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் மணிக்கணக்கு என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பையன் வைத்திருக்கும் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: அங்கே வலித்தால் நடுராத்திரி ஆனாலும் எழுப்பு.

பள்ளியில் சொல்லித்தரவில்லையா என்று கேட்பீர்கள். பாடத்திட்டத்தில் இருக்கிறது. சுகாதாரக் கல்வியில் இனப்பெருக்கச் சுகாதாரம் என்று ஒரு பகுதியே உண்டு. என் மகனின் வகுப்பில் அந்தப் பக்கம் வந்தபோது, "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிவிட்டார்கள். வீட்டில் நாம், பள்ளியில் சொல்லித்தருவார்கள் என்று இருக்கிறோம். ஆசிரியரை மட்டும் குறை சொல்ல முடியாது. நாளைக்கே ஒரு பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அவர் பெயரை இழுத்துவிடுவார்.

இந்தப் பையன்தான் முப்பது வயதில் கல்யாணம் செய்துகொண்டு திரும்ப என் கடைக்கு வருகிறான். வருகிறான் என்று கூடச் சொல்ல முடியாது. மனைவி உள்ளே வந்து கர்ப்பச் சோதனைக் குச்சியும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் வாங்குவாள், அவன் வெளியே காரில் ஏர்கோன் போட்டு உட்கார்ந்திருப்பான். ஒரு வருஷமாகப் பிள்ளை தங்கவில்லை என்றால் அவளுக்குத்தான் ஸ்கேன், அவளுக்குத்தான் விரதம், அவளுக்குத்தான் பேச்சு. பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனைக்கு ஊசி கிடையாது, வலி கிடையாது. இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு ஒரு குப்பியில் கொடுத்தால் முடிந்தது. விதைப்பையில் நாளம் புடைத்திருந்தால் டாக்டர் சோதித்துப் பார்க்கும்போது தெரிந்துவிடும். புகைபிடிப்பதும் ஒரு காரணமாகலாம். உடம்பு ஏற்றுகிறேன் என்று ஜிம்மில் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறார்களே, அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். தசை ஏறும், அணு இறங்கும். இதைச் சொன்னபோது ஒரு தம்பி என்னை ஏதோ சாபம் விட்டவனைப் போலப் பார்த்தான்.

பெண் குழந்தையாகப் பெற்றுவிட்டாள் என்று மருமகளைக் குத்திக்காட்டும் மாமியார்கள் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளை ஆணா பெண்ணா என்று முடிவுசெய்யும் குரோமோசோமில் அம்மாவிடம் இருப்பது எக்ஸ் மட்டும்தான். ஒய் கொடுக்க வேண்டியவர் உங்கள் மகன், அவரிடம் போய்க் கேளுங்கள். குடும்பக் கட்டுப்பாடும் அப்படித்தான். தேசியக் குடும்பத் திட்ட வாரியம் 1966-லேயே வந்துவிட்டது. இன்றைக்கும் மாத்திரை, ஊசி, கருப்பைக்குள் வைக்கும் சாதனம், அறுவைச் சிகிச்சை எல்லாம் அவள் தலையில்தான். ஆணுக்கான கருத்தடை பெண்ணுக்குச் செய்வதைவிடச் சிறிய சிகிச்சை. மரத்துப்போக ஊசி போட்டுச் செய்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆண்மை எங்கும் போகாது. ஆனால் உடனே பலன் வராது, மூன்று மாதம் போல ஆணுறையைத் தொடர்ந்து, பரிசோதனையில் அணு இல்லை என்று உறுதியான பிறகுதான் நிறுத்தலாம்.

பெரிய பையன்களிடம் சட்டத்தையும் சொல்ல வேண்டும். பெண்ணுக்குப் பதினாறு ஆகவில்லை என்றால், அவள் சம்மதித்தாள் என்பது இந்த நாட்டில் வாதமே இல்லை, அது பாலியல் வல்லுறவு வழக்கு. பதினெட்டுக்குக் கீழே உள்ளவரின் ஆபாசப் படத்தைப் போனில் வைத்திருந்தாலே 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் குற்றம். காதலி தானாக அனுப்பியது என்பது கணக்கில் வராது. அதோடு இன்னொன்று: தப்பாகத் தொடுகிறவர்களிடமிருந்து ஆண்பிள்ளை தப்பித்துவிடுவான் என்று நினைக்காதீர்கள். உதவிக்கு 15999, தாலியான் காசிஹ் என்ற அரசாங்க உதவித் தொலைபேசி. எந்த நேரமும் கூப்பிடலாம்.

இதெல்லாம் சொன்னால் பிள்ளை கெட்டுப்போவான் என்று ஒரு பெரியவர் கடையிலேயே சண்டைக்கு வந்தார். "ஐயா, உங்கள் பேரன் கையில் போன் எப்போதிலிருந்து இருக்கிறது?" என்றேன். ஆண்டு நாலிலிருந்தாம், அதாவது நாலாம் வகுப்பிலிருந்து. அப்புறம் என்ன, அவனுக்கு ஏற்கெனவே பாடம் நடக்கிறது. நடத்துகிறவர்கள் யார் என்பதுதான் பிரச்சினை.

பெண்பிள்ளைக்குச் சீர் கொண்டுவரும் தாய்மாமனே இதைச் செய்யலாம். அப்பாவிடம் கேட்கக் கூசுகிறதை மாமனிடம் கேட்பான். பத்துப் பதினோரு வயதில், குரல் உடைவதற்கு முன்னாலேயே தொடங்கிவிடுங்கள். வீட்டு ஹாலில் உட்காரவைத்துப் பேசினால் இருவருக்கும் வேர்த்துவிடும். காரில் பேசுங்கள். ஈப்போ போகிற பழைய ரோட்டில் அரை மணி நேரம் தாராளமாகக் கிடைக்கும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. உடம்பில் இனி என்னென்ன மாறும், எதற்குப் பயப்பட வேண்டாம், எதற்கு உடனே எழுப்ப வேண்டும், முதல் நாளுக்கு இவ்வளவு போதும். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். திரும்பட்டும், காது இந்தப் பக்கம்தான் இருக்கும்.