கோல்ஃப் கோச்சுக்கு நிர்வாகம் தெரியுமா?

தெரியும் என்பது என் கட்சி. சாட்சிக்கு ஒருவர் போதும்: அமெரிக்காவின் ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மைக் ஹோல்டர். மாணவராக ஆடிய அதே அணிக்கு 1973-இல் கோச் ஆனார். 32 வருடங்களில் எட்டு தேசியப் பட்டங்கள்.

அதில் 1995 எனக்கு ரொம்பப் பிடித்தது. கல்லூரி கோல்ஃபில் அணிக்கு ஐந்து பேர். ஒவ்வொரு சுற்றிலும் சிறந்த நான்கு ஸ்கோர்தான் கணக்கில் சேரும். நான்கு சுற்று முடிந்தும் ஸ்டான்ஃபோர்டும் இவர்களும் சமம். எதிரணியில் முதலாண்டு மாணவர் டைகர் வுட்ஸ். சமநிலையை உடைக்க ஆடும் கூடுதல் ஆட்டமான பிளேஆஃபில் ஹோல்டரின் பையன்கள் ஜெயித்தார்கள்.

ஆனால் 2005-இல் அவரை விளையாட்டுத் துறை இயக்குநர் ஆக்கியது கோப்பைகள் மட்டும்தான் என்று நான் நம்பவில்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் காசு புரள்வது ஃபுட்பாலிலும் (நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க வகை) பாஸ்கெட்பாலிலும். கோல்ஃபுக்கு டிக்கெட் வசூல் ஏது? கோச்சே படியேறிப் போய் நன்கொடை கேட்டால்தான் உண்டு. அப்படிக் கேட்டுக் கேட்டு எழுப்பியதுதான் 1994-இல் திறந்த கார்ஸ்டன் கிரீக் மைதானம். டாம் ஃபாசியோ வடிவமைத்தது; கோல்ஃப் மட்டைகள் செய்யும் பிங் கம்பெனியின் நிறுவனர் கார்ஸ்டன் சோல்ஹைமின் பெயர் தாங்கியது. எந்த எம்பிஏ வகுப்பும் தராத படிப்பு இது.

ஹோல்டர் இயக்குநரான சில மாதங்களிலேயே எண்ணெய்த் தொழிலதிபர் பூன் பிக்கன்ஸ் 16.5 கோடி டாலர் கொடுத்தார். ஒரு கல்லூரியின் விளையாட்டுக்கு அதுவரை யாரும் அவ்வளவு தந்ததில்லை. பழைய ஃபுட்பால் ஸ்டேடியம் விரிவாகிப் புதுப்பொலிவு பெற்றது. 2011-இல் ஃபுட்பால் அணி, தான் ஆடும் கல்லூரி லீகான பிக் 12-இன் பட்டத்தையும் வென்றது.

எல்லாமே சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். 27 ஆதரவாளர்கள் பெயரில் தலைக்கு ஒரு கோடி டாலர் ஆயுள் காப்பீடு எடுத்து, அவர்கள் காலமான பிறகு பணம் துறைக்கு வரும் என்று ஒரு திட்டம் போட்டார்கள். பிரீமியத்தில் கோடிக்கணக்கில் போனது, திட்டம் பாதியில் நின்றது, பணத்தைத் திரும்பக் கேட்டுப் போட்ட வழக்கும் தோற்றது. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது. வயதான ஆதரவாளர்களின் சாவைக் கணக்குப் போட்டு வரவுசெலவு எழுதுவது எந்தத் துறைக்கும் அழகல்ல.

அப்புறமும் 2021 வரை அந்த நாற்காலியில் இருந்தார். இயக்குநர் பதவி காலியானால் ஃபுட்பால் ஆட்களையும் கார்ப்பரேட் மேலாளர்களையும் மட்டுமே தேடாதீர்கள். நீச்சல், டென்னிஸ், கோல்ஃப் கோச்சுகளையும் நேர்காணலுக்குக் கூப்பிடுங்கள்.