சராசரியில் கரைந்துபோகும் சத்தம்

சிங்கப்பூரில் கட்டுமானச் சத்தம் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு பதில்தான் வரும். புளோக்கில் குடியிருப்பவர் "இருக்க முடியவில்லை" என்பார். தளத்துக்காரர் "வரம்புக்குள்தான் இருக்கிறோம்" என்பார். இரண்டுமே பெரும்பாலும் உண்மை. கட்டுமானத் தளங்களில் சுற்றுப்புற வேலை பார்ப்பவன் என்கிற முறையில், எனக்கு எரிச்சல் தருவது அந்த இரண்டாவது பதில்தான்.

கணக்கைப் பாருங்கள். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் விதிப்படி, 150 மீட்டருக்குள் வீடுகள் இருந்தால் காலை 7 முதல் இரவு 7 வரை 12 மணி நேரச் சராசரி 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஐந்து நிமிடச் சராசரி 90 வரை போகலாம். டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்கு இல்லை. 3 கூடினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிப்பு. சரி, காலையில் அரை மணி நேரம் பிரேக்கர் வைத்துக் கான்கிரீட்டை உடைக்கிறார்கள், எதிர்வீட்டு ஜன்னலில் 88 டெசிபல் என்று வையுங்கள். மிச்ச நாள் முழுக்கக் கம்பி கட்டுகிற வேலை மட்டும் நடந்தால், அன்றைய சராசரி 75-க்குக் கீழேதான் நிற்கும். ரிப்போர்ட்டில் எல்லாம் பச்சை. நைட் ஷிஃப்ட் முடிந்து ஏழு மணிக்கு வந்து படுத்த தாதிக்கு அந்தப் பச்சையால் என்ன பிரயோசனம்?

அடுத்தது தடுப்புச்சுவர். தரையில் நின்று பார்த்தால் பிரமாதமாக இருக்கும். ஆனால் நம் ஊரில் யார் தரையில் குடியிருக்கிறார்கள்? ஆறு மீட்டர் தடுப்பு மூன்றாம் மாடிக்கு உதவும். பன்னிரண்டாம் மாடியில் நிற்பவர் அதன் தலைக்கு மேலாகத் தளத்தின் உள்ளே எட்டிப் பார்க்கிறார். சத்தமும் அதே வழியில் நேராக மேலே ஏறி வருகிறது. கீழ்வீட்டுக்காரர் "இப்போ பரவாயில்லை" என்பார், மேல்வீட்டிலிருந்து அன்றைக்கே புகார் வரும். இரண்டு பேரையும் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது. மாடி வீடுகளுக்கு நடுவே வேலை என்றால் இயந்திரத்தையே சுற்றி அடைத்து மூட வேண்டும், அல்லது இயந்திரத்தையே மாற்ற வேண்டும்.

மாற்ற முடியும் என்பதற்கு நம் கண்முன்னே சாட்சி இருக்கிறது. ஒரு காலத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்குப் பைலிங், அதாவது அஸ்திவாரத் தூண் இறக்குவது என்றால் சுத்தியலால் அடிப்பதுதான். பேட்டை முழுக்க நாள் பூராவும் டங் டங் என்று கேட்கும். இப்போது துளையிட்டு வார்க்கிறார்கள், இல்லாவிட்டால் ஜாக் வைத்து அழுத்தி இறக்குகிறார்கள். தகட்டுப் பைல்களை அதிராமல் அழுத்தி இறக்கும் இயந்திரத்தை ஜப்பானின் கோச்சியில் கிக்கென் நிறுவனம் 1975-லேயே செய்துவிட்டது. பழைய கான்கிரீட்டைப் பிரேக்கரால் இடிக்காமல் நசுக்கி எடுக்கலாம், வயர் சா என்கிற கம்பி ரம்பம் போட்டு அறுத்தும் எடுக்கலாம். கிளமெண்டியில் 40 மாடிக் கட்டடங்களையே அறை அறையாக வேறு இடத்தில் செய்து கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார்கள். அவ்வளவு வேலையும் தளத்திலேயே நடந்திருந்தால் அக்கம்பக்கத்தார் கதி என்ன?

குத்தகைக்காரர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. நிலத்தடி நிலையத்துக்கு டயஃப்ரம் வால் என்கிற நிலத்தடிக் கான்கிரீட் சுவரை வார்க்கும்போது நடுவில் நிறுத்தினால் கான்கிரீட் ஒட்டாது, அப்புறம் அந்த இடத்தில் தண்ணீர் கசியும். சுரங்கம் தோண்டும் இயந்திரமும் ராத்திரி பகல் பார்த்து ஓடுவதில்லை. ஓடுகிற ரயில் பாதையில் பழுது பார்க்க, கடைசி ரயிலுக்கும் முதல் ரயிலுக்கும் நடுவே கிடைக்கும் கொஞ்ச நேரத்தை விட்டால் வேறு வழியில்லை. இதையெல்லாம் மக்களிடம் சொன்னால் புரிந்துகொள்வார்கள். லிஃப்ட் பக்கத்தில் நான்கு மொழியிலும் "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒட்டினால் போதாது. எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன வேலை, எப்போது முடியும் என்று எழுதுங்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை நூலகத்துக்காவது போகும்.

ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையும் வேலை கூடாது என்று, வீடுகளுக்கு 150 மீட்டருக்குள் இருக்கும் தளங்களுக்குக் கொண்டுவந்த விதி அருமையானது, மறுக்கவில்லை. ஆனால் 2022-ல் அக்கம்பக்கச் சத்தம் பற்றி ஆராய்ந்த சமூக ஆலோசனைக் குழு, அமைதி நேரம் காலை 8 மணி வரை நீள வேண்டும் என்று பரிந்துரைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போட எட்டு வரை காத்திருக்க வேண்டும், எதிரே இருக்கும் தளத்துக்கு மட்டும் ஏழு மணி. பிரேக்கரையாவது ஒன்பதுக்கு மேல் எடுத்தால் என்ன? வீவக வீட்டுக்குள் சுவர் இடிக்கவே ஒன்பது மணி வரை காத்திருக்கத்தானே சொல்கிறோம்!

இந்தப் பேச்சில் எப்போதும் விட்டுப்போவது ஒரு ஆள். அந்தப் பிரேக்கரைக் கையில் பிடித்திருப்பவர். புதுக்கோட்டையிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ வந்த நம்ம தம்பி. மனிதவள அமைச்சின் விதிப்படி 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் எல்லை. 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும்; 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம். சத்தத்தால் காது கெடுவதுதான் இங்கே பல ஆண்டுகளாகத் தொழில்சார் நோய்களில் முன்னணியில் இருக்கிறது. தளத்தில் பாருங்கள், பஞ்சு அடைப்பான் ஒரு காதில் இருக்கும், இன்னொன்று கயிற்றில் தொங்கும். ஏன் என்று கேட்டால், "அண்ணே, ரெண்டையும் மாட்டுனா சிக்னல்மேன் கத்துறது கேக்காதுண்ணே. மேல கிரேன் ஓடுது" என்பார். அதில் என்ன தப்பு? காதா உயிரா என்ற நிலையில் அவர் உயிரைப் பார்க்கிறார். இங்கும் தேவை சத்தம் குறைந்த இயந்திரம்தான். அது வந்தால் அவர் காதும் தப்பும், எதிர்வீட்டுக்காரர் தூக்கமும் தப்பும்.

சத்தம் குறைந்த இயந்திரம் பெரும்பாலும் மெதுவாக ஓடும், வாடகையும் கூட. குறைந்த விலைக்கு டெண்டர் பிடித்தவர் அதை ஏன் எடுக்கப் போகிறார்? புகார் வந்த பிறகு தடுப்பு கட்டச் சொல்லி அவரை விரட்டுவதைவிட, குறுக்குத் தீவு ரயில் பாதை, வடக்கு-தெற்கு வழித்தடம் போன்ற பெரிய வேலைகளுக்கு டெண்டர் எழுதும்போதே "வீடுகளிலிருந்து இத்தனை மீட்டருக்குள் பிரேக்கர் கூடாது" என்று எழுதி, அதற்கான பணத்தைத் தனிக் கணக்காக ஒதுக்கிவிடுங்கள். எல்லாரும் அதே விலையைப் போட்டுத்தான் வருவார்கள். அந்தச் செலவு வரிப்பணம்தான், என் வரியும் அதில் இருக்கிறது. கொடுக்கச் சம்மதம்.