லண்டனில் பொழுது பட்டால்தான் எங்கள் முற்றத்தில் விளக்கு எரியும்

மார்கழி மாதத்தில் லண்டனில் பின்னேரம் நான்கு மணிக்கு முன்பே பொழுது பட்டுவிடுகிறது. ஆனியில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் நிற்கிறது. இலங்கையின் வன்னியில், மாங்குளத்துக்குக் கிழக்கே, முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு கிரவல் ஒழுங்கையில் குடியிருக்கும் எனக்கு இந்த விவரங்கள் எல்லாம் எதற்கு? எங்கள் முற்றத்து விளக்கு அந்த ஊர்ச் சூரியனைக் கேட்டுத்தான் எரிகிறது. வேறு வழியில்லாமல் தெரிந்து வைத்திருக்கிறேன்.

லண்டனில் இருக்கும் தம்பி போன முறை வந்தபோது, சுவருக்கும் சாமானுக்கும் இடையில் செருகித் தொலைபேசியிலிருந்தே போட்டு நிறுத்தும் ஸ்மார்ட் பிளக்குகளைக் கொண்டுவந்து வீடு முழுவதும் செருகிவிட்டுப் போனான். பொழுது பட்டதும் வெளி விளக்கு எரிய வேண்டும் என்று தன் தொலைபேசியில் கட்டளை போட்டான். அந்தச் செயலியோ அவன் கணக்குத் திறந்த ஊரையே எங்கள் வீடு என்று எழுதி வைத்திருக்கிறது. ஆகவே மார்கழியில், அங்கே பொழுது படும் வேளையில், எங்கள் விளக்கு எரிந்தது இங்கத்தைய நேரம் இரவு ஒன்பது இருபதுக்கு. ஆனி வரை விட்டிருந்தால் நடுச்சாமம் தாண்டி இரண்டு மணிக்குக் கிட்ட எரிந்திருக்கும். வன்னியில் வருடம் முழுவதும் பொழுது படுவது ஐந்தேமுக்காலுக்கும் ஆறரைக்கும் இடையில். விளக்கு வைக்கும் நேரம் அம்மாவுக்கு மணிக்கூடு பார்க்காமலே தெரியும். அந்த வேலையைத்தான் கருவியிடம் கொடுத்து, கருவி அதைக் கெடுத்திருக்கிறது.

வெளி விளக்கு எங்களுக்கு அழகுக்கு அல்ல. யானை வரும் பக்கம் இது. வெளிச்சத்தைக் கண்டு யானை ஓடிவிடும் என்று நான் சொல்லவில்லை. வாழைக்குப் பக்கத்தில் நிற்கும் கறுப்பு என்ன என்று பார்த்துவிட்டுக் காலை வெளியே வைக்கலாம், அவ்வளவுதான். ஆறு மணியிலிருந்து ஒன்பது இருபது வரை இருட்டில் கிடந்தது எங்கள் முற்றம். தம்பியிடம் சொன்னால், “அது ஒரு சின்ன செட்டிங் பிரச்சினை, அக்கா” என்றான்.

எல்லாமே செட்டிங் பிரச்சினைதான் அவனுக்கு. சரி, யாருடைய செட்டிங்? இந்தச் சாமானைச் செய்தவர்களின் மனதில் ஒரு வீடு இருந்திருக்கிறது. அந்த வீட்டில் மின்சாரம் போவதில்லை. இணையம் அறுவதில்லை. விளக்குகள் கட்டிலருகே மேசையிலும் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்திலும் நின்று, வயரை நீட்டிச் சுவர்ப் பிளக்கில் செருகிக்கொண்டிருக்கின்றன. எங்கள் வீடுகளில் யார் வீட்டிலாவது நிலத்தில் நிற்கும் விளக்கைப் பார்த்திருக்கிறீர்களா? நமக்கு விளக்கு என்றால் முகட்டில் தொங்கும் பல்ப், அல்லது சுவரில் அடித்த ரியூப் லைட். அதன் வயர் சுவருக்குள்ளே ஓடிச் சுவிட்சில் முடிகிறது. பிளக் எதுவும் இடையில் இல்லை. அப்படியிருக்க, பிளக்கில் செருகும் கருவியை வைத்து விளக்கை எப்படி எரிப்பது? வயரிங் செய்யும் பையனைக் கூப்பிட்டு, யன்னல் கம்பி வழியாகத் தனி வயர் இழுத்து, நுனியில் ஒரு ஹோல்டரைக் கட்டி, அதில் பல்பைப் போட்டுத் தொங்கவிட்டான் தம்பி. சுவரில் நல்ல சுவிட்சும் நல்ல பல்பும் சும்மா இருக்க, யன்னலில் தூங்குகிறது நவீனம்.

பிளக் பொருந்தியதா என்றால் அதுவும் இல்லை. லண்டன் பிளக்குக்குச் சதுர முள், 13 அம்பியர். இப்போது இலங்கையிலும் அதுதான் தரம் என்கிறார்கள். புது வீடுகளில் அதைத்தான் வைக்கிறார்கள். எங்களுடையது போர் முடிந்து திரும்பி வந்த புதிதில் வீட்டுத்திட்டத்தில் எழும்பிய வீடு. சுவர் முழுவதும் வட்டத் துளை. ஆகவே வட்டத் துளைக்குள் ஓர் அடப்டர், அடப்டருக்குள் ஸ்மார்ட் பிளக், அதற்குள் சாமானின் பிளக். மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிச் சுவரிலிருந்து தலை சரிந்து நிற்கின்றன. தொட்டால் சுடுகிறது. தளர்ந்த இணைப்பில் சூடு ஏறித்தான் பிளக்குகள் கருகுகின்றன என்பது மின்வேலை தெரிந்த எவருக்கும் தெரியும். பாதுகாப்புக்கென்று வந்த சாமானுக்கு இப்போது நான் காவல்.

இனி மீன் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் என் வயிற்றெரிச்சல் தீராது.

மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொரு ஸ்மார்ட் பிளக்கும் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கும். நிறுத்திய நிலையிலேயே இருக்கலாம், தானாகப் போட்டுக்கொள்ளலாம், மின்சாரம் போகும்போது எப்படி இருந்ததோ அப்படியே திரும்பலாம். வன்னியில் இருக்கும் ஒருவருக்கு அந்தச் சாமானைப் பற்றித் தெரிய வேண்டிய முதல் விவரம் இதுதான். பெட்டியின் வெளிப்புறத்தில் இருக்கிறதா? இல்லை. உள்ளே மடித்து வைத்த துண்டில்? அதிலும் இல்லை. பெட்டியின் மேல் இருப்பது சோபாவில் சாய்ந்து சிரிக்கும் ஒரு குடும்பம். விவரம் செயலிக்குள், ஒன்றைத் திறந்து இன்னொன்றைத் திறந்து கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தில், ஆங்கிலத்தில் ஒளிந்து கிடக்கிறது.

குளிர்சாதனப் பெட்டியின் பிளக் ‘நிறுத்திய நிலையில்’ இருந்திருக்கிறது. வவுனியாவில் ஒரு கலியாணவீட்டுக்குப் போய் இரவு தங்கிவிட்டோம். அன்று எங்கள் பக்கத்தில் மின்சாரம் போனது கொஞ்ச நேரந்தான் என்று அயல் வீட்டு அக்கா சொன்னார். மின்சாரம் வந்தது, அயலில் எல்லாப் பெட்டிகளும் ஓடத் தொடங்கின, எங்கள் பெட்டி மட்டும் லண்டனிலிருந்து உத்தரவு வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றது. கதவைத் திறந்தபோது முல்லைத்தீவுப் பாரை நாறி நீர் வடிந்து கிடந்தது. மீன் விற்கிற விலையில், துண்டு போட்டுக் கழுவி மஞ்சள் தடவி அடுக்கி வைத்த பாரை அது. “செட்டிங்கைப் பார்த்திருக்கலாமே, அக்கா” என்றான் தம்பி. நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

மின்சாரம் போய் வருவது என்னமோ உலகத்தில் நடக்காத புதினம் என்பதுபோல இந்தச் சாமான்களைச் செய்கிறார்கள். 2022 இல் இந்த நாட்டில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டது என்று அமைச்சர் சொன்னார். நாடு முழுவதும் இருண்டது. பாணந்துறை எங்கே, மாங்குளம் எங்கே! குரங்கு அங்கே கை வைக்க, இங்கே பெட்டி நிற்கிறது. கச்சான் காற்றுக்கு ஒரு பனை மட்டை கம்பியில் விழுந்தாலும் கதை அதுதான். இப்படிப்பட்ட இடத்தில் ‘மின்சாரம் திரும்பினால் என்ன’ என்பது அடியில் ஒளித்து வைக்கும் விடயமா?

பெட்டியாவது மீனோடு போனது. கிணற்று மோட்டரின் பிளக்கில் அவன் வைத்திருந்தது நேர்மாறான செட்டிங்: போகும்போது இருந்த நிலைக்கே திரும்பு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இரவு தாங்கிக்கு நீர் ஏற்றிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனது. இருட்டில் என்ன செய்வது, படுத்துவிட்டோம். எல்லோரும் நித்திரையாக இருக்கும்போது மின்சாரம் வந்தது. மோட்டரும் பழைய ஞாபகத்தில் எழும்பி ஓடத் தொடங்கியது. தாங்கி நிரம்பி வழிந்து ஓட்டிலிருந்து தண்ணீர் கொட்டியதை மழை என்று நினைத்துக் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறோம், ஆவணி வெயிலில் மழை! அந்த மாதத்தில் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று வன்னிக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. நீர்மட்டம் குழாயின் வாய்க்குக் கீழே போனபின் மோட்டர் வெறுமனே காற்றை உறிஞ்சி ஓடியிருக்கிறது. உள்ளிருக்கும் சீலுக்குத் தண்ணீர்தான் குளிர்ச்சி. தண்ணீர் இல்லையென்றால் கருகும். கருகியது.

கிளிநொச்சியில் மோட்டர் வைண்டிங் செய்யும் ஐயா பிளக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் எழுதியிருக்கும் அம்பியர் கணக்கு கேத்தலுக்கும் ஹீற்றருக்கும் சரி என்றார். மோட்டர் புறப்படும் கணத்தில் வழமையாக இழுப்பதைப்போல ஐந்து, ஆறு மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அந்தக் கணத்தில் பிளக்குக்குள் இருக்கும் ரிலே என்ற சின்னச் சுவிட்சில் பொறி பறக்கும். நாளாக நாளாக அதன் இரண்டு முனையும் உருகி ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டிவிட்டால் செயலியில் ‘நிறுத்தப்பட்டது’ என்று காட்டும், மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். “மோட்டருக்கு மோட்டர் ஸ்டார்ட்டர் போடுங்கள், பிள்ளை. தாங்கியில் ஒரு மிதவைச் சுவிட்ச் வையுங்கள், நிரம்பினால் தானாக நிற்கும். அதற்கு வைபையும் வேண்டாம், லண்டனும் வேண்டாம்” என்றார். அவர் கேட்ட கூலியை விட அந்தப் புத்திமதி பெறுமதியானது.

பிளக்கின் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கிறதே, கையால் அமத்தலாமே என்று ஒருவர் கேட்பீர்கள். இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியின் பின்னால், அலுமாரியின் பின்னால், குனிந்து கையை உள்ளே விட்டால் எட்டும். அம்மாவுக்கு எழுபது கடந்துவிட்டது. அப்படியும் தடவிக் கண்டுபிடித்து அமத்தும்போது ஐந்து வினாடி கூடிப் போனால், பிளக் வைபையையும் தம்பியையும் தன் கடமையையும் மறந்துவிட்டு, பிறந்த பிள்ளை மாதிரிக் கண்ணைச் சிமிட்டத் தொடங்கிவிடும். பிறகு ரவுட்டரை 2.4 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்று, கடவுச்சொல்லைக் கொடு, செயலியில் திரும்பச் சேர். ரவுட்டருக்கு உயிர் இருந்தால் சரி. மின்சாரம் போனால் ரவுட்டரும் போகும், கொஞ்ச நேரத்தில் தொலைபேசிக் கோபுரத்தின் பற்றறியும் இறங்கும். மின்சாரம் வந்து இணையம் வராவிட்டால் பிளக்குக்கு மணி என்ன என்றே தெரியாது. அதற்குள் மணிக்கூட்டுக்கு ஒரு பற்றறி வைக்கவில்லை; நேரத்தையும் இணையத்தில்தான் கேட்டு அறிகிறது. மணி தெரியாத சாமான் எப்படி ஆறு மணிக்கு விளக்கு வைக்கும்?

இத்தனைக்கும் நடுவில் கட்டளை போகும் வழியைப் பாருங்கள். நான் அடுக்களையில் நின்று தொலைபேசியைத் தட்டுகிறேன். பிளக் நாலு அடி தூரத்தில் இருக்கிறது. கட்டளை கடல் தாண்டி ஏதோ ஒரு நாட்டுச் சேர்வருக்குப் போய், அங்கிருந்து திரும்பி அடுக்களைக்கு வருகிறது. எல்லாப் பிளக்கும் இப்படியல்ல, வீட்டு வைபைக்குள்ளேயே நேரே பேசுபவையும் இருக்கின்றன. 2022 இல் வந்த மேட்டர் என்ற பொதுத் தரம் அதற்குத்தான் என்று தம்பியே விளக்கம் சொன்னான். அப்படியானால் அதை வாங்கி வந்திருக்கலாமே! மலிவு விற்பனையில் கட்டாகப் போட்டதை அள்ளிக்கொண்டு வந்தால் சேர்வர்க்காரன் தயவில்தான் கிடக்க வேண்டும். அந்தத் தயவும் எத்தனை நாளைக்கு? 2022 ஏப்ரலில் அமெரிக்காவில் இன்ஸ்டியோன் என்ற நிறுவனம் முன்னறிவித்தல் இல்லாமல் சேர்வரை நிறுத்தியது. பெரும்பாலான வீமோ பிளக்குகளுக்கான சேவையை 2026 ஜனவரி 31 உடன் முடிப்பதாகப் பெல்கின் நிறுவனம் 2025 இல் அறிவித்தது. காசு கொடுத்து வாங்கியவர் வீட்டுச் சுவரில் சாமான் இருக்கிறது. அதன் மூளை வேறொருவரிடம். அவர் எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

மின்சாரம் மிச்சமாகும் என்பதுதான் தம்பியின் கடைசி ஆயுதம். 2022 இலும் 2023 இலும் கட்டணம் ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு அந்த வார்த்தைக்கு எவரும் செவி கொடுப்பார்கள். கணக்கைப் பார்ப்போம். எங்கள் வெளி பல்ப் 9 வாற்று. ஐந்து மணித்தியாலம் எரிந்தால் 45 வாற்று மணி. பிளக் எப்போதும் வைபையைப் பிடித்துக்கொண்டிருக்க ஏறத்தாழ ஒரு வாற்று எடுக்கும். இருபத்துநாலு மணித்தியாலத்துக்கு 24. விளக்கு உண்பதில் பாதிக்கு மேல் விளக்கைப் போடுகிறவர் உண்கிறார்! பெரிய காசில்லைத்தான். ஆனால் மிச்சம் என்று சொல்லாதே.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாமல் போனது ஒரு இரவில். அம்மா மலசலகூடத்துக்குப் போக எழும்பி, எப்படியோ அந்தப் பொத்தானைத் தேடி வெளி விளக்கைப் போட்டிருக்கிறார். லண்டனில் தம்பியின் தொலைபேசிக்கு அறிவித்தல் போயிருக்கிறது. “இந்த நேரத்தில் ஏன் விளக்கு எரிகிறது?” என்று நினைத்து அங்கிருந்தே நிறுத்திவிட்டு, பிறகு எனக்கு அழைத்தான். அம்மா முற்றத்தின் நடுவில், இருட்டில். கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்று என்னைக் கூப்பிட்டார்.

போர்க்காலத்தில் வன்னிக்கு மின்விநியோகம் இல்லை. மண்ணெண்ணெய் தடைசெய்த பொருட்களில் ஒன்று. ஜாம் போத்தலில் திரி போட்டு, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக அளந்து எங்களைப் படிக்க வைத்தவர் அம்மா. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலிச் செய்தி கேட்டார்கள். அந்த ஜாம் போத்தலை அணைப்பதென்றாலும் அம்மாதான் அணைப்பார். இப்போது தன் முற்றத்து வெளிச்சத்தை இன்னொரு கண்டத்திலிருந்து ஒருவன், அவர் பெற்ற பிள்ளையே ஆனாலும், அவரைக் கேட்காமல் அணைக்கிறான். அதற்குப் பெயர் வசதியா? அவனுக்குப் பாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை. பாசத்தில்தான் செய்கிறான். ஐயாயிரம் மைலுக்கு மேல் தள்ளியிருந்து வீட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு எங்களுக்குத் தெரியாததா? அந்தத் தவிப்புக்குச் சாமான் விற்கிறவர்களைத்தான் சொல்கிறேன். வீட்டில் இருப்பவரைக் கேட்காமல், தூரத்தில் இருப்பவர் கையில் சுவிட்சைக் கொடுக்கிறார்கள்.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். தம்பி கேட்டான், சொன்னேன். கொஞ்சம் முகம் கறுத்தான், பரவாயில்லை. அடுத்த முறை வரும்போது ரிமோட் கதவு மணி கொண்டுவரப் போகிறானாம். வேண்டாம் ராசா, வாசலில் நாய் இருக்கிறது. மிதவைச் சுவிட்ச் கிளிநொச்சியிலேயே கிடைக்கிறது, அதற்கும் மோட்டர் கட்டிய கூலிக்கும் பணம் அனுப்பு. பாரை மீனுக்கு நான் கணக்குக் கேட்கவில்லை.