கேள்வியையும் சேர்த்து வாசியுங்கள்

தொலைக்காட்சியில் அரசியல் நேர்காணல் நடத்தும் நெறியாளர்களுக்கு நேயர்கள் எழுதும் கடிதங்களில் கோபமே மிகுதி என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையில் அதன் ஆசிரியர் கூறுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற என் தாயார், தோட்டத் தொழிலாளர் வீட்டுடைமை குறித்து ஒரு நெறியாளருக்குக் கோடு போட்ட தாளில் இரண்டு பக்கம் எழுதினார்; நிலப்பட்டா யார் பெயரில் வரும், கடனை எத்தனை ஆண்டுகளில் கட்ட வேண்டும் என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டிருந்தும், திரையில் வாசிக்கப்பட்டதோ அமைச்சரைக் கடிந்துகொண்ட ஒற்றை வரிதான். அன்று அம்மா ஒன்றும் பேசாமல் தொலைக்காட்சியை அடைத்துவிட்டார். 1974 முதல் சுங்கை சிப்புட் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த, மலேசிய இந்தியர் காங்கிரஸின் அன்றைய தலைவர் ச. சாமிவேலு 2008 பொதுத்தேர்தலில் தோற்றபோது பலரும் வியந்தார்கள். தோட்டப்புறத்துக் கடிதங்களை முழுமையாகப் படித்தவர்களுக்கு அந்த வியப்பு இருந்திருக்காது என்றே நம்புகிறேன்.