நாரங்கலை இரவும், தலைமாட்டில் இல்லாத துப்பாக்கியும்

அமெரிக்காவிலிருந்து ஏப்ரல் விடுமுறைக்கு வந்திருந்த என் சித்தப்பா மகனைப் பதுளைப் பக்கம் இருக்கும் நாரங்கலை மலைக்கு அழைத்துப் போயிருந்தேன். அவன் கொலராடோவில் குடியேறிப் பன்னிரண்டு வருடமாகிறது. மலையும் கூடாரமும் அவனுக்குப் புதியவை அல்ல. மாலை நான்கரை மணியளவில் மானாப்புல்லை மிதித்துக்கொண்டு மேலேறி, சற்றுச் சமதரையான இடமாகப் பார்த்துக் கூடாரத்தை விரித்து, ரொட்டியையும் கட்டச்சம்பலையும் சாப்பிட்டு முடித்த பிறகு, மிகச் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டான்: "அண்ணே, கையில் ஒன்றுமே இல்லாமலா இங்கே படுக்கப் போகிறோம்?" கத்தி இருக்கிறது, டோர்ச் இருக்கிறது என்றேன். அவன் கேட்டது அதை அல்ல என்பது சற்று நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அங்கே காட்டில் தங்கும்போது, அனுமதி பெற்ற கைத்துப்பாக்கி ஒன்றைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் அவன் தூங்குவானாம்.

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவனிடம் மட்டும் அல்ல, மலையேறப் போகும் நம் இளைஞர்களிடமும் இப்போது இந்தப் பேச்சு அடிபடுகிறது. "எயார் கன்னாவது ஒன்று இருந்தால் நல்லது" என்பதில் தொடங்கி, "லைசன்ஸ் எடுக்க யாரையாவது தெரியுமா" என்பது வரைக்கும் போகிறது. (இடையில் ஒன்று சொல்ல வேண்டும். 'முகாமிடுதல்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நம் நாட்டுத் தமிழில் முகாம் என்றால் இராணுவ முகாம், இல்லையென்றால் அகதி முகாம். பொடியன்கள் 'கேம்பிங்' என்று சொல்வதற்குக் காரணம் ஆங்கில மோகம் மட்டும் அல்ல.)

அவனுடைய ஊர் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 2010 பெப்ரவரி 22 முதல், தேசியப் பூங்காக்களுக்குள் துப்பாக்கி வைத்திருப்பதை அந்தந்த மாநிலச் சட்டமே தீர்மானிக்கிறது. கொலராடோ காடுகளில் கருங்கரடியும் பூமாவும் இருக்கின்றன. உதவி கேட்டு அழைத்தால் வந்துசேர மணிக்கணக்காகும் தொலைவுகளும் இருக்கின்றன. வட துருவத்தை அண்டிய ஸ்வால்பார்ட் தீவுகளில், குடியிருப்பை விட்டு வெளியே போகிறவர் பனிக்கரடியை விரட்டுவதற்குத் தகுந்த சாதனத்துடன்தான் போக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் துப்பாக்கி கொண்டுபோகிறவரைப் பயந்தாங்கொள்ளி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கரடி மலிந்த அலாஸ்காவிலேயே கதை நாம் நினைப்பதுபோல் இல்லை. 1883 முதல் 2009 வரை அங்கே துப்பாக்கி கையில் இருந்தவர்களுக்கும் கரடிகளுக்கும் இடையில் நடந்த 269 சம்பவங்களை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டவர்கள், சுட்டவர்களுக்கும் சுடாதவர்களுக்கும் நேர்ந்த பாதிப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் வெளிவந்த இன்னொரு ஆய்வில், கரடிக்கென்று செய்யப்பட்ட மிளகாய்த் தெளிப்பான் பழுப்புக் கரடிகளை நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு தடவை தடுத்திருந்தது. பாய்ந்து வரும் மிருகத்தை இரண்டு மூன்று விநாடிகளுக்குள் குறிபார்த்துச் சுடுவது, வேட்டையில் ஊறியவர்களுக்கே கைகூடாத காரியம்.

இனி நம் மலைக்கு வருவோம். இங்கே கரடி கிடையாது. இலங்கைக் கரடி வில்பத்து, யால போன்ற தாழ்நில வறண்ட காட்டுக்கு உரியது. இருப்பது சிறுத்தை. லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், கட்டியிருந்த நாயைத் தூக்கிப் போன கதை இல்லாத தோட்டம் மேற்பகுதியில் குறைவு. கொழுந்து பறிக்கும் பெண்களை அது காயப்படுத்திய சம்பவங்களும் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் பட்டப்பகலில், தேயிலைச் செடிக்கு அடியிலோ கானுக்குள்ளோ படுத்திருந்த சிறுத்தையை அறியாமல் நெருங்கிவிட்டபோது நடந்தவை. மனிதர்களைத் தேடி வேட்டையாடிய சிறுத்தை என்று இந்த நாட்டில் பெயர் எடுத்தது கிழக்கே புனாணையில் 1924இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஒன்றுதான். நூறு வருடமாகியும் அந்த ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பதை யோசித்துப் பாருங்கள். இறைச்சிக் கழிவைக் கூடாரத்தருகே போடாமல், செல்ல நாயையும் கூட்டிப் போகாமல் இருந்தால், சிறுத்தை நம்மிடம் வருவதற்கு அதற்கு ஒரு காரணமும் இல்லை.

நம் மலையில் ஆளைக் கொல்பவை வேறு. முதலில் குளவி. 'குளவிக் கொட்டுக்கு இலக்காகி' என்ற வரி இல்லாமல் மலையகச் செய்திகள் ஒரு மாதமாவது கடந்ததுண்டா? பாறை விளிம்பில் தொங்கும் மலைத்தேனீக் கூட்டுக்குக் கீழே புகை போட்டவனுக்குக் கையில் என்ன ஆயுதம் இருந்தும் பயனில்லை. அடுத்தது மூடுபனியில் கால் தவறுவது. ஹோர்ட்டன் சமவெளியின் உலக முடிவில் மட்டும் அல்ல, மடுல்சீமைப் பக்கத்து 'சின்ன உலக முடிவு' விளிம்பிலும் ஆட்கள் விழுந்து இறந்திருக்கிறார்கள். சருகுக்குள் கிடக்கும் சிறு விரியன் கடிப்பது உண்டு. மின்னல் உண்டு. ஆயிரத்து நானூறு யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்லப்படும் மேஜர் ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி, 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கித்தான் செத்தார். அத்தனை யானைக்கும் தப்பிய மனிதருக்கு அந்த நேரத்தில் எந்தத் துப்பாக்கி உதவியிருக்கும்? ஏப்ரல் மாதத்துப் பிற்பகலில் இடி முழங்கும்போது மொட்டை மலை உச்சியில் கூடாரக் கம்பியை நட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த மனிதரின் நினைவுதான் வரும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். பயிரைக் காக்கும் 'பன்னிரண்டு போர்' (12 bore) வேட்டைத் துப்பாக்கிக்கு மாவட்டச் செயலாளர், தற்பாதுகாப்புத் துப்பாக்கிக்குப் பாதுகாப்பு அமைச்சு என்று வழி இருக்கிறது. இரண்டையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மலையில் இரண்டு இரவு தங்கப் போகிறேன் என்பதை ஒரு காரணமாக எழுதிக் கொடுத்தால் என்ன பதில் வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. தற்பாதுகாப்புக்கென்று ஏற்கெனவே கொடுத்தவற்றையே 2024 நவம்பரில் மீளாய்வுக்காகத் திருப்பிக் கையளிக்கச் சொன்ன நாடு இது. அதற்கு மேல், 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் தொடர்பான கட்டளைச் சட்டம் தேசியப் பூங்காவுக்குள் துப்பாக்கியோடு நுழைவதைத் தடுக்கிறது. சிறுத்தையைக் கொல்வதும் அதன் கீழ் குற்றமே.

ஆனால் என்னைத் துப்பாக்கிக்கு எதிராக நிறுத்துவது சட்டம் மட்டும் அல்ல. அந்த நாரங்கலை இரவில் நடந்ததைச் சொல்கிறேன்.

புத்தாண்டு விடுமுறை என்பதால் அன்று அந்த முகட்டில் முப்பது கூடாரங்களாவது இருந்திருக்கும். பத்து மணிக்கு மேல் மூடுபனி இறங்கி, பக்கத்துக் கூடாரமே தெரியாமல் போய்விட்டது. இரவு ஒன்றரை மணியளவில் எங்கள் கூடாரத்தின் சிப்பை வெளியில் இருந்து யாரோ இழுத்தார்கள். அரை அடி திறந்து, துணியில் சிக்கி, மறுபடியும் இழுபட்டது. தம்பி எழுந்து உட்கார்ந்துவிட்டான். அவன் கை தானாகத் தலைமாட்டுப் பக்கம் போனதை டோர்ச் வெளிச்சம் இல்லாமலே உணர்ந்தேன். அங்கே தண்ணீர்ப் போத்தல்தான் இருந்தது. திறந்த இடுக்கு வழியாக ஒரு கை உள்ளே வந்தது. கூடவே, பல் கிட்டித்த ஒரு குரல் சிங்களத்தில் வந்தது: "மச்சங், சிப் எக்க அரபங்." சிப்பைத் திறடா என்கிறான். மூத்திரம் பெய்ய வெளியே போன பொடியன். டோர்ச்சின் பற்றரி தீர்ந்து, பனியில் வழி தவறி, அரை மணி நேரமாகத் தன் கூடாரத்தைத் தேடி அலைந்திருக்கிறான். எங்களுடையதும் அவர்களுடையதும் வாடகைக் கடையில் எடுத்த ஒரே மாதிரியான நீலக் கூடாரங்கள். இருபது வயது இருக்கலாம். காற்சட்டை முழங்கால் வரை நனைந்து, நடுங்கிக்கொண்டு நின்றான். பிளாஸ்கில் மிஞ்சியிருந்த பிளேன்டீயை ஊற்றிக் கொடுத்து, சத்தம் போட்டு அவனுடைய கூட்டாளிகளை எழுப்பி, அவனை அனுப்பி வைத்தோம்.

காலையில் தம்பி தானாகவே சொன்னான்: "அங்கேயாக இருந்தால் என் கை அதை எடுத்திருக்கும், அண்ணே. முதலில் குரல் கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்." அவன் நிதானமானவன், குரல் கொடுத்திருப்பான் என்று நானும் நம்புகிறேன். ஆனால் அவனைப்போல் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமா மலையேறுகிறார்கள்? சாராயப் போத்தலும் ஸ்பீக்கருமாக வரும் கூட்டங்களை நாம் பார்க்காதவர்களா? தூக்கக் கலக்கத்தில், இருட்டில், ஒரு கையில் டோர்ச்சும் மறுகையில் துப்பாக்கியுமாக இருக்கும் ஒருவனுக்கும் வெளியே நிற்பவனுக்கும் இடையில் இருப்பது மெல்லிய நைலோன் துணி ஒன்று மட்டுமே. அந்தத் துணியைத் துளைக்கும் குண்டு அடுத்த கூடாரத்துத் துணியையும் துளைக்கும். முகட்டில் இருந்து தவறிப் போகும் கைத்துப்பாக்கிக் குண்டு ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலும் போய் விழக்கூடியது. நம் முகடுகளுக்குக் கீழே இருப்பவை லயங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் கொண்டுபோகாவிட்டாலும் நம் காட்டில் துப்பாக்கி ஏற்கெனவே இருக்கிறது. காட்டுப்பன்றிக்கு என்று பாதையின் குறுக்கே முழங்கால் உயரத்தில் கம்பியைக் கட்டி, அதன் மறுமுனையில் வைத்துவிட்டுப் போகும் கட்டுத்துவக்கு பன்றி எது, மனிதன் எது என்று பார்ப்பதில்லை. விறகுக்குப் போனவர்களும் மாட்டைத் தேடிப் போனவர்களும் அதில் சிக்கிக் காலை இழந்திருக்கிறார்கள், உயிரையும் இழந்திருக்கிறார்கள். கம்பிச் சுருக்கின் கதையும் இதுதான். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தையை உயிரோடு மீட்டார்கள். உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை அளித்தும் சில நாட்களில் அது இறந்துவிட்டது. சுருக்கில் மாட்டி வலியில் துடிக்கும் சிறுத்தையைவிட ஆபத்தான சிறுத்தை கிடையாது. எனவே காட்டுப் பாதையில் நம் பாதுகாப்பைப் பற்றி உண்மையாகக் கவலைப்படுகிறவர், ஊர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, அவர் கால் வைத்த பாதையிலேயே கால் வைத்து நடப்பதுதான் முதல் வேலை.

மலையகத்துத் தமிழன் ஒருவனுக்குத் துப்பாக்கி வெறும் இரும்புக் கருவியாகத் தெரிவதில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. எங்கள் தாத்தா காலத்தில் அது பங்களாவின் சுவரில் தொங்கியது. துரை மரை வேட்டைக்குப் போகும்போது அதைச் சுமந்து பின்னால் நடப்பதுதான் நம் ஆட்களுக்கு வாய்த்தது. 1940 ஜனவரி 10 அன்று முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தனையும், 1977 மே 11 அன்று டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணனையும், தோட்ட மக்களின் போராட்டங்களின்போது கொன்றவை பொலிஸ் துப்பாக்கிகள். அதன் பிறகு வந்த சோதனைச் சாவடிக் காலத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இலிருந்து இருக்கிறது. முதுகுப் பையில் கைத்துப்பாக்கியோடு ஒரு தமிழ் இளைஞன் பஸ்ஸில் இருந்து இறக்கிச் சோதிக்கப்பட்டால், அவன் பையில் மிச்சம் இருக்கும் நூடுல்ஸ் பக்கெட்டையும் உறங்குபையையும் எடுத்துக்காட்டி "கேம்பிங் போகிறேன்" என்று சொல்வது எவ்வளவு தூரம் எடுபடும்? கொலராடோவில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கேள்வி தோன்றாது. இங்கே வளர்ந்த பிள்ளைக்கு இது தோன்றாவிட்டால் நான் பயப்படுவேன்.

இதற்கு எதிராக ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. அதைக் கேட்டவர் என் மாணவி ஒருவர். "சேர், உங்களுக்குச் சிறுத்தை, மின்னல், குளவி. எங்களுக்குப் பயம் மனிதர்களைப் பற்றியது" என்றார். இதைத் தட்டிக்கழிக்க என்னால் முடியாது. குடித்துவிட்டுப் பெண்களின் கூடாரத்தைச் சுற்றும் கூட்டத்தை நான் கண்டிருக்கிறேன்; ஒரு தடவை சண்டை வரைக்கும் போனது. அங்கே நமக்கு உதவியது அடிவாரத்துத் தேநீர்க் கடைக்காரர். ஏறும்போதே பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் அவரிடம் கொடுத்திருந்தோம். ஒரு அழைப்புக்கு நான்கு ஊர்ப் பொடியன்கள் டோர்ச்சோடு மேலே வந்தார்கள். சிக்னல் எங்கே கிடைக்கிறது என்பதை வெளிச்சம் இருக்கும்போதே பார்த்து வைத்திருந்ததும் அன்று கைகொடுத்தது. எல்லா மலையிலும் அப்படி ஒரு கடைக்காரர் இருக்க மாட்டார் என்பது உண்மை. அப்படியான மலைக்கு இருவராகப் போக வேண்டாம், ஆறு ஏழு பேராகப் போங்கள், குடும்பங்கள் தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் கூடாரத்தை அடியுங்கள் என்றுதான் அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். அவருக்கு அது முழுத் திருப்தி அளிக்கவில்லை. எனக்கும்தான். ஆனால் அந்தக் குடிகாரக் கூட்டத்திலும் நான்கு பேரிடம் துப்பாக்கி இருக்கக்கூடிய ஒரு மலையில் அவரும் ஒன்றை வைத்துக்கொண்டு படுத்திருப்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

நாரங்கலையில் இருந்து இறங்கும்போது அந்தப் பொடியன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, தம்பியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டான். அதன் பிறகு நாங்கள் எங்கே போனாலும் கூடாரத்தின் வாசற்பக்கக் கம்பத்தில் ஒரு சிவப்புத் துண்டைக் கட்டி, அதற்கு மேலே ஒரு சின்ன விளக்கையும் எரியவிடுகிறோம். தம்பி கொலராடோவுக்குப் போன பிறகு அனுப்பிய படத்திலும் அவனுடைய கூடார வாசலில் சிவப்புத் துணி ஒன்று தொங்கியது. தலைமாட்டில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை.