144 மெகாஹெர்ட்ஸ் கோடு ஒற்றர் அலை அல்ல

நாகை, வேதாரண்யம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு ஸ்கிரீன்ஷாட் சுற்றுகிறது. கணினியில் செருகி வானொலி அலைகளைப் படமாகப் பார்க்கும் மென்பொருள் ரேடியோவின் திரையில், 144 மெகாஹெர்ட்ஸில் இரவும் பகலும் அசையாத ஒரு கோடு. 'கடலுக்கு அப்பாலிருந்து வரும் ரகசிய ஒலிபரப்பு' என்கிறது கூடவே வரும் செய்தி. அது தவறு.

அந்தக் கோடு டாங்கிளுக்குள்ளேயே, அதாவது கணினியில் செருகும் அந்தச் சிறு கருவிக்குள்ளேயே பிறக்கிறது. ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற வகை டாங்கிள்களில், அலைவரிசையை அளக்க அடிப்படையாகத் துடிக்கும் 28.8 மெகாஹெர்ட்ஸ் படிகம் இருக்கிறது. 5-ஆல் பெருக்குங்கள்: மிகச் சரியாக 144. படிகத்தின் துடிப்பு மடங்குகளாகக் கசிய, கருவி தன் சத்தத்தையே கேட்கிறது.

ஆன்டெனாவைக் கழற்றிப் பாருங்கள். வெளியலை என்றால் மங்கும் அல்லது மறையும், இது நிற்கும். இதைவிட எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. டாங்கிள் சூடாகும்போது படிகம் லேசாக விலகும், அதனால் உண்மையான நிலையத்தின் கோடு திரையில் நகரும். இந்தக் கோடு மட்டும் நகராது, ஏனென்றால் அளவுகோலும் அதே படிகம்தான். அசையாமல் நிற்பதைச் சந்தேகத்துக்குச் சான்றாகக் காட்டுகிறார்களே, உண்மையில் அதுதான் இது உள்ளிருந்து வருவதற்கான சான்று.

க்னூ ரேடியோ என்ற சிக்னல் மென்பொருளில் நிரல் எழுதுகிறவர்கள், சிக்னல் தேடும் பகுதியில் இந்த அலைவரிசையை விலக்கி வைத்தால் சரி.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வேறு. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை, உரிமம் பெற்ற ஆர்வலர்கள் பேசும் அமெச்சூர் வானொலியின் பட்டை. 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்த ஊர்கள் இவை. செல்போன் கோபுரங்கள் சாய்ந்தால் கைகொடுக்கக்கூடிய பட்டையின் மேல் பயத்தை ஏற்றாதீர்கள். அந்தப் படம் உங்களுக்கும் வந்தால், ஆன்டெனாவைக் கழற்றி எடுத்த இன்னொரு படத்தைப் பதிலாக அனுப்புங்கள்.