பெங்களூரு வசந்தமும் நம்மவர்களின் லாங் வீக்கெண்டும்

மார்ச் பிறந்தால் போதும், எங்கள் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான். "லாங் வீக்கெண்ட் வருதே, எங்கே போறோம்?" யுகாதி லீவோடு சனி ஞாயிறைச் சேர்த்துக்கொண்டு பாதி ஊர் மைசூர் ரோட்டில் நிற்கும், மீதிப் பாதி ஓசூர் ரோட்டில் நிற்கும். நானும் அப்படி நின்றவள்தான். அத்திப்பள்ளி டோலுக்கு முன்னால் காரிலேயே புளிசாதம் தின்று முடித்திருக்கிறேன். அதனால் யாரையும் குறை சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது.

ஆனாலும் ஒரு கருத்து இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் பாதி வரைக்கும் பெங்களூரை விட்டு வெளியே போவதைப் போல அசட்டுத்தனம் வேறில்லை. மே மாதம் போங்கள், ஜூலையில் போங்கள். இந்த ஒன்றரை மாதம் மட்டும் இங்கேயே இருங்கள்.

இந்த ஞானம் எனக்குச் சும்மா வரவில்லை, அட்வான்ஸ் கட்டித்தான் வந்தது. மூன்று வருஷம் முன்னால் காபிப் பூ பார்க்க வேண்டும் என்று ஆசை. சிக்கமகளூர் பக்கம் ஒரு ஹோம்ஸ்டே, "காபிப் பூக்கள் நடுவே இரண்டு இரவுகள்" என்று விளம்பரம். ஒரு மாதம் முன்னாலேயே பணம் கட்டி, ஆறு மணி நேரம் வண்டியில் குலுங்கிப் போய் இறங்கினால், கிளை முழுக்க வடிகட்டிய டீத்தூளை அப்பி வைத்த மாதிரி பழுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. "போன வாரம் வந்திருக்கணும் மேடம்" என்றார் அங்கிருந்தவர், ஏதோ நான் பஸ்ஸைத் தவறவிட்ட மாதிரி.

தோட்டத்தில் வேலை செய்த ஒரு அம்மா தமிழ் பேசினார். எங்கள் சேலத்துப் பக்கத்திலிருந்து அவருடைய தாத்தா காலத்தில் போன குடும்பமாம். அவர்தான் விஷயத்தைச் சொன்னார். செடி மொட்டு கட்டிக்கொண்டு சும்மா காத்திருக்கும். பிப்ரவரி மார்ச்சில் ஒரு நல்ல மழை விழவேண்டும். விழுந்தால் எட்டு பத்து நாளில் மலை முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூக்கும், மல்லிகை வாசனை அடிக்கும். மூன்று நாளோ நாலு நாளோ, அதற்குள் கருகிவிடும். மழை ஏமாற்றினால் வசதியுள்ளவர்கள் ஸ்பிரிங்க்ளர் போட்டுத் தண்ணீர் அடிப்பார்கள். எல்லாம் சொல்லிவிட்டு அவர் கேட்டார்: "வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தீங்க சரி, மழைக்குக் குடுத்தீங்களா?"

திங்கட்கிழமை காலை ஊர் திரும்பினால், ஜெயநகரில் எங்கள் தெருமுனையில் டபுபியா மரம் இலை ஒன்றுகூட இல்லாமல் முழுக்க ரோஸ் நிறத்தில் நிற்கிறது. கீழே நிறுத்தியிருந்த ஆட்டோவின் கூரை தெரியவில்லை, அவ்வளவு பூ. டிரைவர் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தார். நான் பன்னிரண்டாயிரம் ரூபாய் செலவழித்துத் தேடிப் போனது அவருக்குக் குப்பை.

இந்த ஊரில் பூ மாற்றி மாற்றி வருவது தற்செயல் இல்லை. 1908 வாக்கில் லால்பாக் பொறுப்புக்கு வந்த கிரும்பிகல் என்ற ஜெர்மானியத் தோட்டக்கலைஞர், ஒன்று உதிரும்போது இன்னொன்று பூக்கிற மாதிரி மரங்களைத் தேர்ந்து சாலையோரம் நடவேண்டும் என்று திட்டம் போட்டவர். லால்பாக் பக்கத்திலேயே அவர் பேரில் ஒரு ரோடு இருக்கிறது, பாதிப் பேர் அதைக் கன்னடப் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிற்பாடு 1980களில் நெகினஹாள் என்ற வன அதிகாரி காலத்தில் லட்சக்கணக்கில் மரம் நட்டார்கள். அந்த இருவர் புண்ணியத்தில்தான் மஞ்சள் டபுபியா, ரோஸ் டபுபியா, ஊதா ஜக்கரண்டா, அப்புறம் மே நெருங்கும்போது சிவப்பு குல்மோஹர் என்று நமக்கு வரிசையாகக் கிடைக்கிறது. முக்கால்வாசி அயல்நாட்டு மரங்கள்தான். டபுபியாவும் ஜக்கரண்டாவும் தென்னமெரிக்கப் பக்கம், குல்மோஹர் மடகாஸ்கர். பெங்களூரில் பாதிப் பேர் வெளியிலிருந்து வந்தவர்கள் என்று புலம்புகிறவர்கள் மரங்களைப் பார்த்தும் புலம்பலாம்.

ஞாயிறு காலை ஆறரைக்கு கப்பன் பார்க் போங்கள். அன்றைக்கு உள்ளே வண்டி விடமாட்டார்கள். எட்டரைக்கு மேல் போனால் பூவைவிட போட்டோ எடுக்கிறவர்கள்தான் அதிகம், அது வேண்டாம்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்தும். எல்லாரும் டபுபியாவைப் படம் பிடித்து "இது ஜப்பானா பெங்களூரா" என்று போடுகிறார்கள். அதே வாரத்தில் அதே தெருவில் புங்க மரம் தளிர் விட்டிருக்கும். அந்த இளம்பச்சை வெயிலில் எண்ணெய் தடவின மாதிரி மினுங்கும். கன்னடத்தில் ஹொங்கே. கொஞ்ச நாளில் அதன் பூ தரையெல்லாம் கொட்டும். அதைப் பொரி சிந்திக் கிடக்கிற மாதிரி இருக்கிறது என்று நம் சங்கப் பாட்டுக்காரர் எப்போதோ சொல்லியாயிற்று. எங்கள் கேட் வாசலில் குனிந்து பார்த்தேன். பொரியேதான், நடுவில் கொஞ்சம் ஊதா கலந்த பொரி. இதை யாரும் இன்ஸ்டாகிராமில் போடுவதில்லை. உள்ளூர் மரம், பாவம்.

சரி, பண்டிகைக்கு வருகிறேன். இங்கே தமிழர்களுக்கு ஒரு சௌகரியம், வருஷப்பிறப்பு இரண்டு தடவை. கன்னடக்காரர்களுக்குச் சந்திரன் கணக்கு, நமக்குச் சூரியன் கணக்கு. யுகாதியன்று எதிர்வீட்டு அம்மா வேப்பம்பூவும் வெல்லமும் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுப்பார். ஏப்ரல் 14 நான் மாங்காய்ப் பச்சடி கொண்டுபோய்க் கொடுப்பேன். "நிம்து லேட்டு", உங்களுடையது லேட்டு, என்பார் ஒவ்வொரு வருஷமும். யுகாதிக்கு மறுநாள் ஹொசதொடகு. முதல்நாள் ஒப்பட்டு, அதாவது நம் போளி, தின்ற ஊர் மறுநாள் விடிவதற்குள் மட்டன் கடை வாசலில் வரிசையில் நிற்கும். அந்த வரிசையைப் பார்க்காதவர்கள் பெங்களூரை முழுசாகப் பார்க்கவில்லை என்பேன். சைவக்காரர்களும் சும்மா போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

அடுத்து ராமநவமி. மத்தியானம் வெயிலில் எந்தத் தெருவில் நடந்தாலும் பந்தல் போட்டுப் பானகம், நீர்மோர், கோசம்பரி கொடுப்பார்கள். பாசிப்பருப்பு ஊறவைத்து வெள்ளரிக்காய், தேங்காய் போட்ட கோசம்பரி, கையில் தொன்னை. யார் எவர் என்று கேட்கமாட்டார்கள். நான் ஆபீஸிலிருந்து வீட்டுக்கு நடந்து வருவதற்குள் நாலு டம்ளர் பானகம் ஆகிவிட்டது ஒரு வருஷம். சாயங்காலம் சாம்ராஜ்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்துப் பந்தல். 1939ல் ஸ்ரீராமசேவா மண்டலி தொடங்கிய கச்சேரி வரிசை. எம்.எஸ். பாடிய மேடை. சென்னை மார்கழிக்கு லீவு போட்டு ரயில் ஏறுகிற நம்மவர்கள், நாலு கிலோமீட்டரில் இருக்கிற இதற்கு "டிராஃபிக் இருக்குமே" என்கிறார்கள்.

இப்போது நான் நிஜமாகச் சொல்ல வந்தது. கரகம்.

"இந்த ஊரில் நமக்கென்று என்ன இருக்கிறது?" என்று கேட்கிற தமிழர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். பத்தொன்பது வருஷம் முன்னால் வந்தபோது நானும் கேட்டிருக்கிறேன். இந்த ஊரின் ஆகப் பழைய விழாக்களில் ஒன்று, சைத்திர மாதப் பௌர்ணமி இரவில், திகளர்பேட்டை தர்மராய சுவாமி கோயிலிலிருந்து புறப்படுகிறது. தர்மராயர் என்றால் நம் தர்மர்தான். புறப்படுவது திரௌபதி. நடத்துகிறவர்கள் திகளர் சமூகத்தார், வன்னிகுலத்தார், பரம்பரையாகத் தோட்டக்காரர்கள், தமிழ்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பதுதான் வழிவழியான பேச்சு. 'திகள' என்ற சொல்லே கன்னடத்தில் தமிழரைக் குறிக்கப் புழங்கியது. வட தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் தீ மிதிக்கிற நாம், இங்கே அதே அம்மன் தெருவில் வருகிற இரவில் கூர்க் ரிசார்ட்டில் கேம்ப்ஃபயர் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம்.

கதை இதுதான். பாண்டவர்கள் சொர்க்கத்துக்குப் போகும் வழியில் திரௌபதி பின்தங்கி விழுகிறாள். திமிராசுரன் எதிரே வருகிறான். அவள் தன்னிலிருந்து வீரகுமாரர்களைப் படைத்து அவனை வெல்கிறாள். போகாதே என்று பிள்ளைகள் அழ, வருஷத்துக்கு ஒருமுறை வருகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறாள். அந்த வருகைதான் கரகம். தூக்குகிற பூசாரி அன்றைக்கு அவளாகவே ஆகிறார். சேலை, வளையல், மனைவியின் தாலி. அந்த மனைவி கரகம் முடிகிற வரை அதைப் பார்க்கக்கூடாது என்பது வழக்கம். எனக்கு அந்தப் பெண்ணை நினைத்தால்தான் என்னவோ போல் இருக்கும். ஊரே பார்க்கிறது, அவள் மட்டும் அறைக்குள்.

முதல் தடவை நானும் என் வீட்டுக்காரரும் பத்து மணிக்கே போய்விட்டோம். தப்பு. நள்ளிரவுக்கு மேல்தான் புறப்பாடு, சொன்ன நேரத்துக்கும் அது நடக்காது. அதுவரை பேட்டையின் சந்துகளில் சீரியல் பல்பு, பொரி, பஜ்ஜி, பலூன், தூங்கி விழுகிற குழந்தைகள். நகரத்பேட்டைப் பக்கம் ஒரு கடைத் திண்ணையில் எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்த பாட்டி பேசியது தமிழா கன்னடமா என்று பிரிக்க முடியவில்லை. "பாப்பா, இத்தாவ குந்து. அம்மா பருவா, பருவா." நான் சேலத்துத் தமிழில் பதில் சொன்னேன். அவருக்குப் புரிந்தது, ஆனால் சிரித்தார், நான்தான் கொச்சை பேசுகிறவள் போல.

இரண்டு மணி இருக்கும். கூட்டம் திடீரென்று நெருங்கியது. முதலில் "கோவிந்தா, கோவிந்தா" என்ற குரல். பிறகு வெற்று மார்பும் உருவிய வாளுமாக வீரகுமாரர்கள் ஓடிவந்தார்கள். என் மாமா வயசுக்காரர்களும் இருந்தார்கள், பள்ளிக்கூடப் பையன்களும் இருந்தார்கள். கரகம் தலையிலிருந்து சரிந்தால் அந்த வாள்கள் கரகம் தூக்கி வருகிறவர் மேலேயே பாயும் என்று சொல்வார்கள். அவர்களுக்குப் பின்னால் கரகம், அந்த மல்லிகைக் கோபுரம். டிவியில் பார்த்தபோது அதன் உயரம் தெரியவில்லை. கையால் பிடிக்காமல், தலையில் நின்றபடி, ஓட்டமும் நடையுமாக வருகிறது. என்னிலிருந்து நாலடி தூரத்தில் கடந்தபோது நான் பார்த்தது முகத்தை இல்லை, முழங்கையை. உரமேறிய ஆண் கை, அதில் வரிசையாக வளையல், வியர்வையில் மல்லிகை இதழ் ஒன்று ஒட்டியிருந்தது. வாசனை முதலில் வந்து கடைசியில் போனது. பாட்டி கை கூப்பவில்லை, பேத்தியைப் பார்த்த மாதிரி கையை ஆட்டினார்.

அங்கிருந்து கரகம் போகிற வழியில் காட்டன்பேட்டை மஸ்தான் சாகிப் தர்காவில் நிற்கும். காலங்காலமாக நிற்கிறது. அதை மாற்றவேண்டும் என்று அவ்வப்போது யாராவது கிளம்புவார்கள், திகளர்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஆக நான் கேட்பது இவ்வளவுதான். வாசனையே இல்லாத ரோஸ் பூவுக்கு குந்தலஹள்ளி ஏரிக்கரை வரைக்கும் வண்டி ஓட்டிப் போகிற நமக்கு, நம் பேச்சின் சாயலோடு ஒருவர் மல்லிகையைத் தலையில் தூக்கிவருகிற இரவு ஏன் காலண்டரில் இல்லை? நம் சித்ரா பௌர்ணமியும் சில வருஷம் அதே நாளில் வரும், சில வருஷம் ஒரு மாதம் தள்ளிப்போகும். கேலண்டர்க் குழப்பம் என்றும் சாக்கு சொல்லமுடியாது, தேதி பேப்பரில் போடுகிறார்கள்.

வெளியே போயே தீரவேண்டும் என்றால் ஒரே ஒரு விதிவிலக்கு தருவேன்: மேல்கோட்டை வைரமுடி, பெருமாளுக்கு வைரக் கிரீடம் சாத்துகிற விழா, பங்குனி வாக்கில் வரும். ராமானுஜர் பல வருஷம் இருந்த ஊர். கிரீடம் மாண்டியா கருவூலத்திலிருந்து போலீஸ் காவலோடு வரும், இரவில்தான் சாத்துவார்கள். அதுவும் காரில் போகாதீர்கள், பஸ்ஸில் போங்கள். நந்தி மலை சூரிய உதயம் பற்றிக் கேட்காதீர்கள். போன தடவை நான் பார்த்தது முன்னால் நின்ற இன்னோவாவின் பின்கண்ணாடியில் பட்ட சூரிய உதயம்.

வெயில் அதிகமே என்பார்கள். ஆமாம், முன்னைவிட அதிகம்தான். 2024 மார்ச்சில் குழாயில் தண்ணீர் வராமல் லாரிக்குக் காத்துக்கிடந்தோம், ஹோலி ரெயின் டான்ஸுக்குக் காவிரித் தண்ணீரை எடுக்காதீர்கள் என்று குடிநீர் வாரியம் சொல்லவேண்டியிருந்தது. அந்த வருஷமும் டபுபியா பூத்தது, கரகமும் வந்தது.

இந்த வருஷம் நான் போகிறேன். மகளும் வருகிறாள், அவளுக்குப் பத்து வயசு, மத்தியானமே தூங்கவைத்துவிடுவேன். கூட வருகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், மெட்ரோவில் சிக்பேட்டையில் இறங்கி நடந்துவிடலாம். திரும்பும்போது மெட்ரோ இருக்காது, ஆட்டோதான். செருப்பு மட்டும் பழசாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். போன தடவை நான் ஒற்றைச் செருப்போடுதான் வீடு வந்து சேர்ந்தேன்.